வானைத் தொடரும் காமிரா

திருப்பதி ரயில் நிலையத்தில் இறங்கி வடக்கே நோக்குபவர்க்கு முதலில் தென்படுவது மலை. பகலில் அதன் பாறை முகமும், இரவில் அதன்மேல் ஏறிச் செல்லும் விளக்குகளும் கண்ணைக் கவர்கின்றன. அந்த மலை விளிம்புக்குச் சற்றே மேலே, மங்கிய சுடருடன் ஒரு நட்சத்திரம் இரவு முழுவதும் ஏறத்தாழ அசையாமல் நிற்பதைக் கவனிப்போர் சிலரே. அதுதான் துருவ நட்சத்திரம். மலையடிவாரத்தை ஒட்டி நிற்பவர்க்கு அதுவும் தெரியாது, மலை மறைத்துவிடும்.

ஓரிடத்தின் அட்சரேகை எத்தனை பாகையோ, அத்தனை பாகை உயரத்தில்தான் அங்கே வானத்தின் துருவம் நிற்கும். லண்டன் நகரத்தார்க்கு அது 51 பாகைக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. திருப்பதிக்கும் சித்தூருக்கும் 13 பாகைக்குச் சற்று அதிகம், அவ்வளவே. தொலைநோக்கி கொண்டு வானத்தைப் படம் பிடிக்க விரும்புவோர்க்கு இச் சிறு செய்தி எத்தனை தொல்லைகளைக் கொண்டுவருகிறது என்பதைச் சென்ற கார்த்திகை மாதத்தில் நேரிலேயே அறிந்தோம்.

நம் நண்பர் ஒருவர் சித்தூரை அடுத்த சிற்றூரில் வசிக்கிறார். உயர்நிலைப் பள்ளியில் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவர். வீட்டில் தமிழும் வீதியில் தெலுங்கும் பேசுகிற, அப்பகுதிக்கே உரிய குடும்பம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் ஒரு விரதம் போலச் செய்துவரும் காரியம் ஒன்று உண்டு. ஒளி கூடியும் குறைந்தும் மாறுகிற நட்சத்திரங்களைத் தொலைநோக்கியில் பார்த்து, அருகிலுள்ள மாறாத நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, அவற்றின் ஒளிப்படியை நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைப்பார். இத்தகைய குறிப்புகளைத் திரட்டி வைப்பதற்கென்றே அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர் சங்கம் 1911-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. தொழில்முறை விஞ்ஞானிகளின் பெரிய தொலைநோக்கிகள் ஒரே நட்சத்திரத்தை ஆண்டுக்கணக்கில் காத்துக்கொண்டிருக்க இயலாது. ஆதலின் இவ்வேலை பெரும்பாலும் ஆர்வலர்கள் கையிலேயே இருக்கிறது. நம் நாட்டுக்கும் இத்துறையில் பழைய உரிமை உண்டு. சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்பார், 1867-ஆம் ஆண்டில் ‘ஆர் ரெடிகுலி’ என்னும் நட்சத்திரம் மாறொளி உடையது என்பதைக் கண்டறிந்தார்.

ஆசிரியருக்கு மிகவும் நெருக்கமான நட்சத்திரம் அன்ன மண்டலத்தில் உள்ள ‘கை சிக்னி’. 1686-ஆம் ஆண்டில் ஜெர்மானியரான காட்ஃபிரீட் கிர்ச் இதன் மாறுதலைக் கண்டார். சுமார் 408 நாட்களுக்கு ஒருமுறை இது பொலிந்து மங்குகிறது. பொலிவு மிகுந்த காலத்தில் வெறுங்கண்ணுக்கே தெரியும். மங்கிய காலத்தில் 14-ஆம் ஒளிப்படிக்கு இறங்கிவிடும். அதாவது, நல்ல பொலிவிலிருந்து பல்லாயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். இதுகாறும் அந்த மங்கிய நிலையையும் கண்ணாலேயே பார்த்துக் குறித்துவந்தார். பிறகு விழித்திரை தளர்ந்தது. பன்னிரண்டாம் ஒளிப்படிக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. நோட்டுப் புத்தகத்தில் முதன்முறையாக வெற்றிடம் விழுந்தது.

“கண் ஓய்ந்தால் கணக்கும் ஓய வேண்டுமா, தம்பி?” என்று கேட்டார். ஓய்வூதியத்தில் சேர்த்த பணத்தில் காமிரா ஒன்று, நிறவடிகட்டிச் சக்கரம் ஒன்று, தானாக வழிகாட்டும் சிறு காமிரா ஒன்று ஆகியவற்றை வாங்கினார். கையேடு முழுவதும் ஆங்கிலம். அதுவும் அவசரத்தில் எழுதிய ஆங்கிலம். மத்திய சர்க்கார் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பதையே தொழிலாக உடைய நாம் அழைக்கப்பட்டது இப்படித்தான். கலைப் பட்டதாரியாகிய நமக்குப் பௌதிகம் தெரியாது. அவருக்கோ கையேட்டின் எழுத்து தெரியவில்லை. இருவரும் சேர்ந்து ஒரு முழு மனிதரானோம்.

சொற்களிலேயே முதல் இடர்ப்பாடு. ‘வடிகட்டி’ என்றவுடன் நம்மவர்க்குக் காப்பிதான் நினைவுக்கு வரும். எனினும் அது தவறான நினைவு அன்று. காப்பி வடிகட்டி சாற்றை விட்டுத் தூளை நிறுத்துகிறது. நிறவடிகட்டி ஒரு நிறத்தை விட்டு மற்ற நிறங்களை நிறுத்துகிறது. வானத்தைப் படம் பிடிக்கும் நல்ல காமிராக்கள் பலவற்றுக்கு நிறம் தெரியாது; எவ்வளவு ஒளி விழுந்தது என்பது மட்டுமே தெரியும். எந்த நிற ஒளி என்பதை முன்னே நிற்கும் கண்ணாடிதான் தீர்மானிக்கிறது. அத்தகைய கண்ணாடிகள் ஐந்தையோ ஏழையோ ஒரு தட்டில் பதித்து, மின்விசையால் வேண்டியதை வேண்டியபோது முன்னே கொண்டுவருவதே வடிகட்டிச் சக்கரம்.

அழகான வண்ணப்படம் எடுப்பதற்கே இது என்று பலர் எண்ணுகின்றனர். அதைவிட முக்கியமான பயன் அளவிடுதல். கை சிக்னி மிகச் சிவந்த நட்சத்திரம். காமிராவின் உணர்தட்டோ, மனிதக் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பையும் உணரக்கூடியது. வடிகட்டி இன்றிப் படம் எடுத்தால், கண்ணுக்கு மங்கலாக இருக்கும் நட்சத்திரம் காமிராவுக்குப் பன்மடங்கு பிரகாசமாகத் தோன்றும். முப்பது ஆண்டுக் கணக்கோடு அது ஒட்டாது. ஆகவே, கண்ணின் உணர்வுக்கு இணையாக, 550 நானோமீட்டரை மையமாகக் கொண்ட பச்சை-மஞ்சள் ஒளியை மட்டும் விடுகிற ‘வி’ என்னும் தரப்படுத்தப்பட்ட வடிகட்டியின் வழியே பார்க்கவேண்டும். 440 நானோமீட்டர் அளவில் நீல ஒளியை விடுவது ‘பி’. இவ்விரண்டுமே ஆசிரியருக்கு இன்றியமையாதவை.

இதே சக்கரத்தை மேலும் நுட்பமாகப் பயன்படுத்துகிற இடம் ஒன்று திருப்பதிக்கும் சித்தூருக்கும் ஏறத்தாழ நடுவில் இருப்பதைப் பலர் அறியார். நெடுஞ்சாலையில் போகும்போது காதங்கி என்னும் ஊரைக் கடக்கிறோம். அங்கே விண்வெளித் துறையைச் சேர்ந்த தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. 1024 ஆன்டெனாக்களைக் கொண்டு 53 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் அதன் ரேடார் புகழ்பெற்றது. அதனோடு வானம் முழுவதையும் ஒரே பார்வையில் அடக்கும் மீன்விழி வில்லையுடைய காமிராவும் உண்டு. நிலவற்ற இருளிலும் வானம் முற்றிலும் இருண்டிருப்பதில்லை. காற்றின் மேலடுக்குகள் மிக மெல்லிதாக ஒளிர்ந்துகொண்டே இருக்கின்றன. பூமிக்குச் சுமார் 97 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்ஸிஜன் 557.7 நானோமீட்டர்ப் பச்சை ஒளியை உமிழ்கிறது. 250 கிலோமீட்டர் அளவில் 630 நானோமீட்டர்ச் சிவப்பொளியை உமிழ்கிறது. மிகக் குறுகிய வடிகட்டிகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தால், ஒரே வானத்தின் வெவ்வேறு மாடிகளைத் தனித்தனியே காணலாம். சிவப்புப் படத்தில் சில இரவுகளில் கரிய பட்டைகள் கிழக்கு நோக்கி நகர்கின்றன. அயனமண்டலத்தில் மின்துகள்கள் குறைந்துபோன குமிழிகள் அவை. பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகிலுள்ள நம் பகுதிகளில் சூரியன் மறைந்த பின் இவை எழுகின்றன. செயற்கைக்கோள்களிலிருந்து வரும் ரேடியோ அலைகளைக் குலைக்கின்றன. ஒலிபரப்பைக் கேட்கும் நேயர்களுக்கு இச்செய்தி அயலானது அன்று.

அந்தக் காமிராவுக்கு ஒரு சௌகரியம். அது வானம் முழுவதையும் அகலப் பார்ப்பதால் எதையும் பின்தொடர வேண்டியதில்லை. ஆசிரியரின் தொலைநோக்கியோ வானத்தின் ஒரு சிறு துளியை மட்டும் காண்பது. 20 சென்டிமீட்டர் ஆடி, 800 மில்லிமீட்டர் குவிதூரம். காமிராவின் புள்ளி ஒன்று 3.76 மைக்ரான். கணக்கிட்டால் ஒரு புள்ளி வானத்தில் ஏறத்தாழ ஒரு விகலையைக் காட்டுகிறது. பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை. கலையில் அறுபதில் ஒரு பங்கு விகலை. பூமி சுழல்வதால் நட்சத்திரம் வினாடிக்கு 15 விகலை நகர்கிறது. அசையாத தொலைநோக்கியில் ஒரே வினாடியில் நட்சத்திரம் பதினைந்து புள்ளிகளைத் தாண்டிக் கோடாகிவிடும். பதினான்காம் ஒளிப்படிக்கு இரண்டு நிமிஷமாவது ஒளியைச் சேர்க்க வேண்டுமே!

ஆகவே தொலைநோக்கியை, பூமியின் அச்சுக்கு இணையான ஓர் அச்சில் ஏற்றி, பூமிக்கு எதிராகச் சுழற்றுகிறார்கள். நாம் முதலில் சொன்ன தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. அச்சு துருவத்தை நோக்க வேண்டும்; நம் ஊரில் துருவம் தரையோடு ஒட்டியிருக்கிறது. வெளிநாட்டுத் தாங்கிகள் சிலவற்றின் திருகு 20 பாகைக்குக் கீழே இறங்குவதே இல்லை. இறங்கினாலும் எதிர்ப்பளு முக்காலியின் காலில் இடிக்கிறது. ஆசிரியர் மொட்டை மாடியில் செங்கல் தூண் ஒன்று கட்டி இதைத் தீர்த்தார். சித்தூரிலிருந்து நேர்க்கோட்டில் தென்மேற்கே 75 கிலோமீட்டர் போனால், ஜவ்வாது மலையில் காவலூர் வானாராய்ச்சி நிலையம் உள்ளது. அங்கே 1986-இல் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அதன் பிரம்மாண்டமான அச்சு ஏறத்தாழப் படுத்தேயிருக்கிறது.

துருவ நட்சத்திரமும் சரியாகத் துருவத்தில் இல்லை. 38 கலை அளவு விலகியிருக்கிறது. போதாக்குறைக்கு, 13 பாகை உயரத்தில் காற்றின் ஒளிமுறிவு அதை நான்கு கலை தூக்கிக் காட்டுகிறது. பனியும் புகையும் சூழ்ந்தால் அது தெரியவும் தெரியாது. எனவே நட்சத்திரங்களின் நழுவலைக் கொண்டே அச்சைத் திருத்துவது நம் பகுதிக்கு ஏற்ற வழி. வானத்தின் நடுக்கோட்டருகே, தலைக்கு நேரான தென்வடல் கோட்டில் இருக்கும் ஒரு நட்சத்திரத்தைச் சில நிமிஷம் பின்தொடர வேண்டும். அது தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே சாய்ந்திருக்கிறது. வடக்கே நழுவினால் மேற்கே. பிறகு கீழ்வானில் ஒரு நட்சத்திரம்: தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்துள்ளது, வடக்கே நழுவினால் உயர்ந்துள்ளது. ஒரு மணி நேர வேலை. ஆனால் தூண் அசையாதவரை மறுபடி செய்ய வேண்டியதில்லை.

இவ்வளவு செய்தும் பற்சக்கரங்களின் குறை நீங்காது. பல்லின் சிறு பிழையே சில நிமிஷங்களுக்கொருமுறை தொலைநோக்கியை முன்னும் பின்னும் தள்ளுகிறது. முற்காலத்தில் நோக்கர்கள் துணைத் தொலைநோக்கியில் கண்ணை வைத்து, ஒரு நட்சத்திரத்தைச் சிலுவைக் கம்பியில் நிறுத்தி, கைப்பொத்தானை அழுத்தி அழுத்தி மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பொறுமையை இயந்திரத்துக்குக் கற்பித்ததே தானியங்கி வழிகாட்டி. சிறு காமிரா ஒன்று இரண்டு வினாடிக்கொருமுறை ஒரு நட்சத்திரத்தைப் படமெடுக்கிறது. அதன் நடுமையத்தை ஒரு புள்ளியின் சிறு பின்னம் வரை துல்லியமாகக் கணினி கணக்கிடுகிறது. நழுவியிருந்தால் தாங்கியின் மோட்டாருக்கு ஒரு தட்டுத் தட்டுகிறது. மிகக் குறைந்த நேரத்துக்கொருமுறை எடுத்தால், காற்றின் நடுக்கத்தையே நட்சத்திரத்தின் நழுவலாக எண்ணி அதைத் துரத்திக்கொண்டு ஓடும்.

பொருத்தும் வரிசையில்தான் கவனம் வேண்டும். தொலைநோக்கி, அதன் ஓரப்பிழையைத் திருத்தும் வில்லை, அதன்பின் ஒளியின் ஓரத்திலிருந்து சிறிதளவை வழிகாட்டிக்குத் திருப்பிவிடும் முப்பட்டகம், அதற்குப் பின்னரே வடிகட்டிச் சக்கரம், கடைசியில் காமிரா. முப்பட்டகம் சக்கரத்துக்குப் பின்னே போனால், நீல வடிகட்டி வந்தவுடன் வழிகாட்டும் நட்சத்திரமே மங்கிப்போகும். திருத்தும் வில்லையிலிருந்து உணர்தட்டுக்கு 55 மில்லிமீட்டர் தூரம் இருக்கவேண்டும். இடையில் உள்ள வடிகட்டிக் கண்ணாடியின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கை அதனோடு கூட்டிக்கொள்ள வேண்டும். கையேட்டில் ஒரு மூலையில் இருந்த இந்த வாக்கியத்தை மொழிபெயர்த்துச் சொன்னதற்காக ஆசிரியர் நமக்கு ஒரு டம்ளர் காப்பி கூடுதலாகத் தந்தார்.

குவியத்தைப் பகலிலேயே தொலைவிலுள்ள கோபுரத்தைப் பார்த்து ஓரளவு சரிசெய்து கொள்வது நலம். முதலில் பெரிய காமிராவை ‘வி’ வடிகட்டியில் குவித்துவிட்டு, அதைத் தொடாமல் சிறு காமிராவை முன்னும் பின்னும் நகர்த்திக் குவிக்க வேண்டும். பிறகு வழிகாட்டிக்குத் திசை கற்பிக்க வேண்டும். அது மேற்கே தட்டிப் பார்க்கும், கிழக்கே திரும்பும், வடக்கே, தெற்கே. ஒவ்வொரு தட்டுக்கும் நட்சத்திரம் எந்தப் பக்கம், எவ்வளவு போகிறது என்று படித்துக்கொள்ளும். வானத்தின் நடுக்கோட்டருகே இதைச் செய்வது சிறந்தது. பின்னர் யாரேனும் காமிராவைச் சற்றே திருகிவிட்டால் கற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

குளிரூட்டலைப் பற்றியும் ஒரு சொல். உணர்தட்டின் வெப்பமே பொய் ஒளியை உண்டாக்குகிறது. ஆறேழு டிகிரி குளிர்த்தினால் அது பாதியாகும். சிறு காமிராக்கள் சுற்றுக் காற்றைவிட 35 டிகிரி அளவு தணியவல்லவை. கையேடு பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி என்கிறது; மார்கழியில் அது நடக்கும். சித்திரை வெயில் காய்ந்த சித்தூர் மாடியில் நடக்காது. எட்டாத எண்ணைக் குறித்துவைத்து இயந்திரத்தை வாட்டுவதைவிட, ஆண்டு முழுவதும் எட்டக்கூடிய பூஜ்யத்தில் நிறுத்துவதே மேல் என்பது நம் அபிப்பிராயம்.

இனி நடந்ததைச் சொல்வோம். அந்தக் கார்த்திகையில் கை சிக்னி தன் மிக மங்கிய நிலையில் இருந்தது. வடகிழக்குப் பருவமழை விட்டபாடில்லை. இருட்டியதும் அன்ன மண்டலம் வடமேற்கே பாதி வானத்தில் நிற்கும். இரண்டு மணி நேரத்தில் மரங்களுக்குள் இறங்கிவிடும். ஒரு வாரம் காத்திருந்து மேகம் விலகிய முதல் இரவில், எல்லாம் செவ்வனே நடந்தன. வழிகாட்டியின் கோடு நேராக ஓடியது. நட்சத்திரங்கள் வட்டப் பொட்டுகளாக விழுந்தன. இருபது படங்கள் எடுத்து மகிழ்ந்தோம்.

மறுநாள் கணக்கிட்ட ஆசிரியர் பேசாமல் உட்கார்ந்திருந்தார். ‘வி’ என்று பெயரிட்ட படங்களில் நட்சத்திரம் எதிர்பார்த்ததைவிட மிகவும் மங்கி இருந்தது. ‘பி’ என்ற படங்களில் ஏறத்தாழ ஒன்றுமே இல்லை, இருட்டு. நட்சத்திரம் இதுவரை இல்லாத ஆழத்துக்கு இறங்கிவிட்டதா? முப்பது ஆண்டில் காணாத செய்தி! உடனே உலகத்துக்கு அறிவிக்கலாமா என்ற ஆசை நமக்கு எழுந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஆசிரியர் மட்டும் தலையை அசைத்தார். “நட்சத்திரத்தைச் சந்தேகிக்கும் முன் நம்மைச் சந்தேகிப்போம், தம்பி” என்றார்.

அன்றிரவும் மேகம், ஆயினும் அரை மணி நேரம் ஓர் இடைவெளி கிடைத்தது. அவர் தொலைநோக்கியைக் கை சிக்னிக்குத் திருப்பவில்லை. அன்னத்தின் அலகாகிய அல்பிரியோவுக்குத் திருப்பினார். பொன்னிறமும் நீலமுமாக இரண்டு நட்சத்திரங்கள் 34 விகலை இடைவெளியில் ஒட்டி நிற்கும் இரட்டை அது. ‘வி’ வடிகட்டியில் பொன்னிறத்தது நீலத்தைவிட ஆறு மடங்கு ஒளி தரவேண்டும். ‘பி’-யில் அந்த வேறுபாடு சுமார் இரண்டு மடங்காகச் சுருங்கவேண்டும். ‘வி’ என்ற பெயரில் எடுத்த படத்தில் இரண்டு மடங்குதான் இருந்தது! குட்டு வெளிப்பட்டது. சக்கரத்தின் உடலில் துளைகளுக்கு ஒன்று முதல் எண் பொறித்திருந்தார்கள். கணினியின் பட்டியலோ பூஜ்யத்திலிருந்து எண்ணிக்கொண்டிருந்தது. ‘வி’ கேட்டால் அடுத்த துளையிலிருந்த ‘பி’ வந்தது. ‘பி’ கேட்டால் அதற்கும் அடுத்த துளையில், இருட்டுப் படம் எடுப்பதற்காகப் பொருத்திவைத்த கறுப்பு மூடி வந்தது. பட்டியலைப் பெயர்த்து எழுதியவர் நாம்தான். சொல்லை மொழிபெயர்த்தோம், எண்ணை மொழிபெயர்க்க மறந்தோம்.

நீலப் படங்கள் வீண் அல்ல, ‘பி’ கணக்காகப் பயன்படும் என்று அவர் நம்மைத் தேற்றினார். ஆனால் முப்பது ஆண்டுத் தொடரில் சேரவேண்டியது ‘வி’ அல்லவா? அதற்கு மேலும் நான்கு நாள் மழை. ஐந்தாம் நாள் மாலை ஆறரை மணிக்கு மேற்கே ஒரு நீலக் கீற்றுத் திறந்தது. குவியம் பார்த்து, வழிகாட்டியைப் பூட்டி, ஒவ்வொரு முறை சக்கரம் சுழன்றபின்னும் அதிர்வு அடங்க ஐந்து வினாடி காத்திருந்து, இரண்டு நிமிஷப் படங்களாக எடுத்துக்கொண்டே போனோம். ஒன்பதாவது படம் முடியும்போது தென்னை ஓலை நட்சத்திரத்தை மறைத்தது. எட்டுப் படங்கள் நல்லவை. அந்தி வானத்தில் வடிகட்டி ஒவ்வொன்றுக்கும் எடுத்துவைத்த வெறும்வெளிப் படங்களைக் கொண்டு தூசியின் நிழலைக் கழித்து, இருட்டுப் படங்களைக் கொண்டு வெப்பத்தின் பொய்யைக் கழித்து, ஒப்புநட்சத்திரங்களோடு அளந்தபோது, எட்டும் ஒன்றுக்கொன்று இசைந்தன. பழைய மங்கல்களோடும் இசைந்தன.

ஆசிரியர் அந்த எண்ணைத் தம் நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். எழுத்து பெரிதாக, கோடு தாண்டி விழுந்தது. அருகே ‘காமிரா’ என்று ஒரு சொல் சேர்த்தார். பிறகு பஞ்சாங்கத்தை எடுத்து 408 நாட்களை எண்ணினார். அடுத்த மங்கல் மார்கழி நடுவுக்குத் தள்ளிப்போகிறது. அப்போது அன்ன மண்டலம் இருட்டும் வேளையிலேயே மேற்கே மிகத் தாழ்ந்து நிற்கும். இந்த மாடியிலிருந்து தென்னை மறைக்கும். மரத்தை வெட்ட அவருக்கு மனமில்லை. மேற்குத் திசை திறந்த ஏரிக்கரை ஒன்றைப் பார்த்துவைத்திருக்கிறார். அங்கே தூண் கிடையாதாகையால், முக்காலியையும் எதிர்ப்பளுவையும் சமாளிக்கும் உபாயத்தைக் கையேட்டில் தேடித் தரும்படி நம்மிடம் சொல்லியிருக்கிறார்.